மீசைக்காரர் கட்சியும் கண்ணாடிக்காரர் கட்சியும்

எழுபதை எட்டிப் பார்க்கிற நாலு பேர் ஒன்றாகக் கூடினால் முதலில் சீனி வருத்தம், பிறகு முழங்கால், பிறகு பிள்ளைகளின் அலட்சியம். இவையெல்லாம் முடிந்த பிறகும் தேநீர் மிச்சம் இருந்தால் பேச்சு எப்படியோ பழைய மர்ம நாவல்களில் போய் நிற்கும். எந்த எழுத்தாளர் பெரியவர், எந்தக் கதையைப் படமாக்கிக் கெடுத்தார்கள், எந்தப் படம் கதையைவிடத் திறம் என்று தொடங்கினால் போதும், எழும்பி நடக்க மாட்டாதவர்களுக்கும் தெம்பு வந்துவிடும். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த கூட்டம்தானே நாமெல்லாரும்.

போன மாதம் அப்படி ஒரு பேச்சில் நான் வாயே திறக்கவில்லை என்று உங்களில் ஒருவர் குறைப்பட்டீர்கள். இவவுக்கு வாசிப்புப் பழக்கம் இல்லைப் போல என்று இன்னொருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அது எனக்குச் சுட்டுவிட்டது. வாசிப்பு என்றால் என்னவென்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வாசிப்பு இரண்டு பேரின் வாழ்க்கையைத் தின்றதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதனால்தான் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகு தேநீர் இறங்காவிட்டால் என்னைக் கோபிக்கக் கூடாது.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது இருக்கும். கீரிமலையிலிருந்து கடற்கரையோடு கிழக்கே போனால் வருகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஐயா, என் தகப்பனார், கப்பல் வேலையில் வருடக் கணக்காக வெளியே இருந்ததால் அம்மாவும் நானும் சின்னம்மா வீட்டில் இருந்தோம். சின்னம்மா அம்மாவின் தங்கை. அப்போதுதான் கலியாணமான புதிசு. சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு மோட்டர் வள்ளம் இருந்தது. பெரும்பாலும் அது மீனுக்குப் போகும். இடைக்கிடை அக்கரைக்கும், அதாவது இந்தியாவுக்கும், போய்ச் சேலையும் பீடியிலையும் ஏற்றி வரும். அது சட்டத்துக்கு ஒத்த போக்குவரத்தில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் ஊரில் அதை யாரும் களவு என்று சொன்னதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவதுபோலத்தான் கதைப்பார்கள்.

சித்தப்பா ஒரு வரி வாசிக்க மாட்டார். ஆனாலும் ஒவ்வொரு அக்கரைப் பயணத்திலும் சேலைப் பொதிக்குள் சின்னம்மாவுக்கு நாவல்கள் வரும். அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார். துவக்கோ கத்தியோ இல்லாத புத்தகம் அவருக்குப் புத்தகமே இல்லை. ஒருமுறை, ஏற்கெனவே வாங்கிய நாவலையே திரும்பவும் வாங்கி வந்துவிட்டு, போன முறை வாங்கியதில் இந்தப் பெண் இவ்வளவு பயந்தவளாக இருக்கவில்லை என்று சாதித்தார். சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவர் வேண்டுமென்று அப்படிச் செய்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் புத்தகங்களில் உப்பு ஈரமும் புதுச்சேலைக் கஞ்சியின் மணமும் இருக்கும். வெயிலில் விரித்து வைத்தால் தாள்கள் நெளிந்து நெளிந்து காயும்.

சின்னம்மா வாசித்து முடித்ததும் புத்தகம் எஞ்சின் மாமாவுக்குப் போகும். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அவர் தாய்மாமன் மகன், மச்சான். முறைப்படி நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு சித்தப்பா இருந்ததால் மாமாவாக்கிவிட்டார்கள். கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டிலில் வள்ளங்களின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவார். கொட்டிலின் பின்னறையில்தான் தனியாக இருந்தார். சித்தப்பாவின் அக்கரைப் பயணங்களில் எஞ்சின் பார்க்க அவரும் போவார்.

சின்னம்மாவை அவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று ஒரு காலத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். சொந்த வள்ளத்தோடு சித்தப்பாவின் சம்பந்தம் வந்ததும், அம்மாவின் தமையனான பெரியமாமா பேச்சை மாற்றிவிட்டார். எஞ்சின் மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கலியாணப் பந்தலுக்கு வாழை கட்டியதும் அவர்தான்.

அவர் திருப்பித் தரும் புத்தகம் மண்ணெண்ணெய் மணக்கும். தாள்களில் கறுப்புக் கறுப்பாகப் பெருவிரல் அடையாளம் இருக்கும். சின்னம்மா அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எந்தப் பக்கத்தில் அவர் இரண்டாம் முறை நின்றிருக்கிறார், எந்த இடத்தில் பயந்து தாளைக் கசக்கியிருக்கிறார் என்று துப்பறிவார். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். மாமா வெட்கப்பட்டுத் தலையைச் சொறிவார், தலையிலும் எண்ணெய் பிரளும்.

இருவரும் ஒத்துப்போகாத விசயம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாளில் அக்கரையில் எழுதிய பலரில் இருவர்தான் எங்கள் வீட்டுக்கு முக்கியமானவர்கள். பின்னட்டையில் இருந்த படத்தை வைத்து ஒருவரை மீசைக்காரர் என்றும் மற்றவரைக் கண்ணாடிக்காரர் என்றும் சொல்வோம். சின்னம்மா மீசைக்காரர் கட்சி. மீசைக்காரரின் கதையில் பிணம் கிடைக்காவிட்டால் ஆள் சாகவில்லை என்று அர்த்தம். எரித்த பிணம் வேறு யாருடையதாகவோ இருக்கும். செத்தவர் கடைசி அத்தியாயத்தில் தாடியோடு வந்து நிற்பார். சாவால் யாருக்கு லாபமோ அவன்தான் குற்றவாளி. எஞ்சின் மாமா கண்ணாடிக்காரர் கட்சி. கண்ணாடிக்காரரின் கதையில் செத்தவர் செத்தவர்தான். பாதிக் கதைகளில் கொலையே நடந்திராது. படி வழுக்கியிருக்கும், அல்லது விளக்குச் சரிந்திருக்கும். துப்பறிகிறவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

அந்தாளின் கதையை வாசிக்கிற நேரம் மரண விசாரணை அறிக்கையை வாசிக்கலாம் என்பார் சின்னம்மா. உன்னுடைய மீசைக்காரர் எழுதுகிற ஊரில் சுடலைக்கே வேலையில்லை என்பார் மாமா. சித்தப்பா நடுவில் இருந்து மரவள்ளிக் கிழங்கைச் சம்பலில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பார். அந்த வீட்டில் நான் கண்ட மிகச் சந்தோசமான நேரங்கள் அவைதான்.

கண்ணாடிக்காரரின் நாவல் ஒன்று படமாக வந்தபோது நாங்கள் நாலு பேரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். நாவலின் கதை சின்னது. பாலத்தைப் பார்க்கப் போன ஓர் எஞ்சினியர் வெள்ளத்தில் காணாமல் போகிறார். மனைவி எல்லாரையும் சந்தேகிக்கிறாள். கடைசியில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, வெள்ளம்தான் அடித்துக்கொண்டு போனது என்று தெரிகிறது. படத்தில் எஞ்சினியராக நடித்தவர் பெரிய நடிகர், அவரைச் சாகவிட முடியுமா? நாவலில் இல்லாத ஒரு மச்சானைப் படத்தில் நுழைத்திருந்தார்கள். மனைவி மேல் ஆசைப்பட்டு அவன்தான் எஞ்சினியரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். முடிவில் எஞ்சினியர் தாடியோடு வந்து அவனை அடித்து நொறுக்குகிறார். கொட்டகையே விசில் அடித்தது. சின்னம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எஞ்சின் மாமா கொதித்துக்கொண்டு வந்தார். நல்ல கதையை நாசமாக்கிப் போட்டார்கள் என்று பல்லைக் கடித்தார்.

"கதையிலை இல்லாத ஒருத்தனைக் கொண்டந்து வில்லனாக்கி விட்டிருக்கிறாங்கள். ஏன், வெள்ளம் மட்டும் காணாதாமோ?"

"காணாதுதான் மச்சான்," என்றார் சின்னம்மா. "வெள்ளத்தோடை ஆர் கோவிக்கிறது?"

படத்தில் முக்கால்வாசி நேரம் நித்திரை கொண்டுவிட்டு, முடிவில் விசில் சத்தத்துக்கு எழும்பிய சித்தப்பா, காசு கொடுத்து வந்த சனத்தை அழவைத்து வீட்டுக்கு அனுப்புவது முறையா என்று கேட்டார். அதோடு அந்த வழக்கு முடிந்தது. பிறகு அதே படத்தை வானொலியில் ஒலிச்சித்திரமாகப் போட்டபோது சின்னம்மா வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். மாமா எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த வருடத் தீபாவளிக்குச் சேலை ஏற்ற வள்ளம் போக இருந்ததற்கு இரண்டு கிழமை முன்னால் எனக்குக் கன்னம் வீங்குகிற கூகைக்கட்டு வந்தது. எனக்கு மாறுகிற நேரத்தில் எஞ்சின் மாமாவுக்குத் தொற்றிவிட்டது. வளர்ந்த ஆம்பிளைக்குச் சின்னப்பிள்ளை வருத்தம். அவருக்கு அது பெரிய வெட்கம். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ச்சல் என்று வெளியே சொல்லி அனுப்பினார். எனக்கு ஒருமுறை வந்து போனதால் திரும்பத் தொற்றாது என்று அம்மா என்னிடம்தான் கஞ்சி கொடுத்துவிட்டார். நாமக்கட்டி பூசிய கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தில் துவாய் சுற்றி அவர் இருந்த இருப்பு எனக்குச் சிரிப்பை மூட்டியது. வெளியில் சொன்னால் பெடியள் பகிடி பண்ணுவார்கள், வாயைத் திறக்காதே என்று என்னிடம் கெஞ்சினார். நான் திறக்கவில்லை.

எஞ்சின் பார்க்க ஆள் இல்லாமலே சித்தப்பா போனார். ஊர் திரும்ப இருந்த அக்கரைக்காரர் இருவர் கூடப் போனார்கள். சின்னம்மா கரைவரைக்கும் வந்தார். இந்த முறை மீசைக்காரராகப் பார்த்து வாங்கி வரச் சொன்னார். மறுநாள் வாடைக்காற்று திரும்பிக் கடல் இரைந்தது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் அடுப்பெரிகிற குசினிவரை கேட்டது.

தீபாவளி போனது. வேறு வள்ளங்கள் வந்தன, சித்தப்பா அக்கரைக்குப் போய்ச் சேரவே இல்லை என்று சொன்னார்கள். சின்னம்மா அதை நம்பவில்லை. நம்பாததை விசர் என்று சொல்லவும் முடியாது. அக்கரையில் பிடிபட்டு, வேறு பெயரைச் சொல்லிச் சிறையில் கிடந்துவிட்டு, மாதக் கணக்கில் கழித்துத் திரும்பியவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அப்படி வந்த ஒருவர் உண்மையாகவே தாடியோடுதான் வந்து இறங்கினார்.

பொங்கலும் போன பிறகு பெரியமாமா கிரியை செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதைப் பாடையில் வைத்துச் சுடலைக்குக் கொண்டுபோய் எரிப்பது வழக்கம். பிறகு செத்த வீட்டுக்குச் செய்கிறதெல்லாம் அதற்கும் செய்வார்கள். இழுத்துக்கொண்டிருக்கிற துக்கத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவரத்தான் அந்த வழக்கம். பெரியவர்கள் நல்லதற்குத்தான் செய்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

முற்றத்தில் பந்தல் போட்டு அந்த உருவத்தைக் கிடத்தினார்கள். சித்தப்பாவின் பட்டு வேட்டியை அதன் மேல் போர்த்தியிருந்தார்கள். பெண்கள் ஒப்பாரி தொடங்க, சின்னம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவர் கைகளை விலக்கிவிட்டுக் கிட்டப் போனார். குனிந்து, வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். விழுந்து அழப்போகிறார் என்று நினைத்து நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோசம்.

"அக்கா, இது பொய்ப் பிணம்," என்று அம்மாவிடம் சொன்னார். "பொய்ப் பிணத்தைக் கொண்டு வருகினம் எண்டால் ஆள் உயிரோடை எங்கையோ இருக்கிறார். எந்தக் கதையிலை இது மாறியிருக்கு?"

ஒப்பாரி நின்றுவிட்டது. கிழவிகள் தாலியைக் கழற்ற வந்தபோது சின்னம்மா கொடியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, புல்லுக்கு யாரும் தாலி கழற்றுவதில்லை என்றார். மனம் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். ஆண்கள் அந்தப் புல்லைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்தார்கள். எங்கள் துக்கத்துக்கு முடிவு கட்டச் செய்த காரியம் சின்னம்மாவுக்கு மட்டும் முதல் தடயமாகிப் போனது. மீசைக்காரரை அவர் அளவுக்கு வாசிக்காத ஒருத்திக்கு அது தோன்றியே இராது.

முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். சாம்பல் கரைத்து முடியும்வரை பெண்கள் கேணிப் பக்கம் இருந்தோம். சின்னம்மா ஒரு பூப்போட்ட சேலை உடுத்தி, பொட்டு வைத்து, வேறு யாருடைய காரியத்துக்கோ வந்தவர்போல இருந்தார். பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீடு திரும்பிச் சாப்பாடு முடிந்ததும் பெரியமாமா தன் வாழ்க்கையின் பெரிய பிழையைச் செய்தார். சொந்தக்காரர் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதே பேசி முடித்துவிட்டால் நல்லது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இளம் பிள்ளை, தனிய விட முடியாது, முறை மச்சான் இருக்கிறான், அவனுக்கும் சம்மதம், ஒரு வருடம் போனதும் கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டிவிடலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எஞ்சின் மாமா வாசல் நிலையோடு நின்றார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். அவரை அவ்வளவு துப்புரவாக நான் கண்டதில்லை.

சின்னம்மா எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு நாவலோடு திரும்பி வந்தார். மீசைக்காரர் எழுதியது. அதில் ஒருவன் தன் எதிரியின் விசைப்படகில் ஒரு குழாயைக் கழற்றிவிட்டு, பொலிஸுக்கும் ஆள் அனுப்புகிறான். படகு நடுக்கடலில் நிற்கிறது, எதிரி பிடிபட்டுக் கள்ளப் பெயரில் சிறைக்குப் போகிறான். அந்தப் பக்கத்தில் மட்டும் எண்ணெய்ப் பெருவிரல் நாலைந்து இடத்தில் பதிந்திருந்தது. சின்னம்மா அதை விரித்து எல்லாருக்கும் காட்டினார். சத்தம் போடவில்லை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் எல்லாரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி வைத்துக் கேட்பாரே, அப்படிக் கேட்டார்.

"ஒவ்வொரு பயணமும் போற நீங்கள் அண்டைக்கு மட்டும் ஏன் மச்சான் போகேல்லை?"

"கூகைக்கட்டு," என்றார் மாமா.

"காய்ச்சல் எண்டெல்லோ சொல்லி விட்டனீங்கள்?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனது நான்தான், கன்னம் வீங்கியிருந்ததை நான் கண்டேன் என்று கத்தினேன். சின்னம்மா என் தலையைத் தடவினார். சின்னப்பிள்ளையின் சாட்சி எடுபடாது அம்மா என்று அன்பாகத்தான் சொன்னார். நான் உண்மையைச் சொன்னேன், அது ஒன்றுக்கும் உதவவில்லை. வாழ்க்கையில் பிறகும் சில தடவை அப்படி நடந்திருக்கிறது, ஆனால் அன்றைக்கு வலித்ததுபோல வலிக்கவில்லை.

மாமா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பெரியமாமாவைப் பார்த்தார். பெரியமாமா கதிரையை விட்டு எழும்பி முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மாமா சின்னம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இதிலை எழுதியிருக்கிறது பிழை. அந்தக் குழாயைக் கழட்டினால் எஞ்சின் ஸ்டார்ட்டே வராது. நடுக்கடலுக்கு எங்கை போறது?"

அதற்காகத்தான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். எஞ்சின் வேலை தெரிந்த எவனும் படிப்பான். ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அது ஒரு குற்றவாளியின் பேச்சுப்போலக் கேட்டது. செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து போனார்.

அடுத்த கிழமை கொட்டில் பூட்டிக் கிடந்தது. மன்னாருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று பாயில் கிடந்து அழுதேன். ஊர் வழக்கம்போல இரண்டு பக்கமும் கதைத்தது. பொலிஸுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் எங்கள் கடற்கரையில் ஒருவனுக்கு வந்துவிட்டால் பிறகு அவனிடம் எஞ்சின் திருத்த யாரும் வரமாட்டார்கள். அவர் போகாமல் இருந்திருந்தாலும் வாழ விட்டிருக்க மாட்டார்கள்.

சின்னம்மா காத்திருந்தார். வேறு சொல் இல்லை. அக்கரைக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் இந்தச் சிறையில் கேளுங்கள், அந்தச் சிறையில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கேட்டதாகச் சிலர் பொய் சொன்னார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படி ஓர் ஆளைத் தூரத்தில் கண்டதாகவும் சொன்னார்கள். இரக்கத்தில் சொன்னதுதான். அந்த இரக்கத்தைப்போல ஒரு கொடுமை இல்லை. பிறகு அக்கரைப் புத்தகங்கள் வருவதற்கே தடை வந்து, பழைய நாவல்களையே திரும்பத் திரும்ப வாசித்தார். தாலியும் பொட்டுமாக இருக்கிறவளை நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதா விடுவதா என்று தெரியாமல், ஊர் அவரை ஒன்றுக்கும் கூப்பிடாமல் விட்டது. அவருடைய கறுத்த தலைமயிர் என் கண்முன்னாலேயே நரைத்தது.

எண்பதுகள் தொடங்கிய நேரம் நான் ரீச்சராக வேறு ஊரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்திருந்தபோது மன்னாரிலிருந்து செய்தி வந்தது. எஞ்சின் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். கலியாணம் கட்டவில்லை. செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் அம்மா, குசினியில் நிலத்தில் இருந்துகொண்டு, அதுவரை சொல்லாததை என்னிடம் சொன்னார்.

சித்தப்பா கடலுக்குப் போன அந்த மாதமே ஒரு பலகை கிழக்குக் கரையில் ஒதுங்கியிருக்கிறது. வள்ளத்து எஞ்சின் பெட்டியின் மூடி. கண்டெடுத்த மீன்காரர் அதைப் பெரியமாமாவிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எஞ்சின் மாமா பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிட்டார். மூடியைத் திறந்து மூடுகிற பிணைச்சல் உடைந்தபோது, பழைய அலுமாரிப் பிணைச்சல் ஒன்றை அதில் பூட்டியது அவர் கையால். சித்தப்பா போய்விட்டார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் வள்ளம் போனது களவாக. பலகை வெளியே தெரிந்தால் பொலிஸ் வரும், மற்ற வள்ளங்களும் மாட்டும் என்று பெரியமாமா பயந்தார். சின்னம்மாவிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள், பொம்பிளை வாயில் நிற்காது என்றும் சொன்னார். அம்மாவிடமும் எஞ்சின் மாமாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். பலகையை என்ன செய்வது? புல் உருவத்தை எரித்த அன்று, எஞ்சின் மாமாவையே கொண்டு அதைக் கொத்துவித்து, விறகோடு விறகாக அடுக்கிவிட்டார்கள்.

பொய்ப் பிணத்தை அவர்கள் எரித்தது உண்மையான சாட்சியைக் கொண்டு. இதை எந்த எழுத்தாளர் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அம்மாவோடு சண்டை பிடித்தேன். அம்மா அழுதார், அண்ணை சொன்னதை எப்படி மீறுவது என்றார். அந்தப் பதிலோடு இருக்க முடியாமல் எழும்பிச் சின்னம்மாவிடம் போனேன்.

சின்னம்மா முற்றத்தில் பாயில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். மாமா செத்ததை முதலில் சொன்னேன். யார் கொள்ளி வைத்தது என்று கேட்டார். தெரியாது, கூட வேலை செய்த யாரோ என்றேன். பிறகு பலகையைப் பற்றிச் சொன்னேன். பிணைச்சல் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் காகத்தை விரட்டுகிற தடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஏன் மறைத்தார்கள் என்று கோபிப்பார், அல்லது மாமாவை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"கொம்மா அண்டைக்கு அதிலை ஒரு துண்டை என்ரை மடியிலை கொண்டந்து போட்டிருக்கலாம்," என்றார். "போட்டிருந்தாலும் நான் அதை வேறை வள்ளத்தின்ரை பலகை எண்டுதான் சொல்லியிருப்பன்."

பாயில் ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மச்சான் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அந்தப் புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு கேக்கேக்கையே தெரியும். ஆனால் மச்சான் காட்டிக் குடுக்கேல்லை எண்டால், உன்ரை சித்தப்பா பிடிபடேல்லை. பிடிபடேல்லை எண்டால் சிறையிலை இல்லை. பிறகு கடல் ஒண்டுதானே மிச்சம். அவர் உயிரோடை இருக்கிறதுக்கு எனக்கு ஒரு குற்றவாளி வேணும். வேறை ஒருத்தரும் கையிலை கிடைக்கேல்லை."

அப்படியானால் மாமாவாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே, ஏன் ஒன்றும் சொல்லாமல் போனார் என்று கேட்டேன்.

"அவருக்கு அது விளங்கினது," என்றார் சின்னம்மா. "மச்சான் என்னைவிட நல்லாய் வாசிக்கிற ஆள்."